கல்யாணத்துக்குப் போகும் கேமரா பை

கல்லூரியில் மூன்றாம் வருடம் வருவதற்குள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் கையிலாவது கேமரா வந்துவிடுகிறது. முதலில் கல்ச்சுரல்ஸ், அப்புறம் இண்டஸ்ட்ரியல் விசிட், அப்புறம் ஜூனியர்களின் ப்ரொஃபைல் படம். பிறகு ஒரு நாள் அந்த அழைப்பு வரும். "மச்சி, எங்க அக்காவுக்குக் கல்யாணம்டா. கேண்டிட் எடுக்கறவங்க எல்லாம் ரொம்ப கேக்கறாங்க. நீயே எடுத்துக் குடுத்துடேன், ஏதோ முடிஞ்சதைத் தர்றோம்."

நம் ஆளும் சரி என்று தலையை ஆட்டிவிடுவான். அடுத்த பத்து நாளைக்கு அவன் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போகட்டும்?" 35 எம்எம்மா, 85 எம்எம்மா, 70-200 வாடகைக்கு எடுக்கலாமா, அது எஃப் 2.8ஆ, எஃப் 4ஆ. விடுதி அறையில் இந்த விவாதம் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஓடும்.

என்னைக் கேட்டால் இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இது: கெட்டிமேளம் கொட்டும்போது கையில் இருக்கும் கேமரா செத்துப்போனால், அடுத்த ஐந்து நொடியில் எதில் எடுப்பாய்? இதற்குப் பதில் இல்லாதவன் பணம் வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. பதிவு முழுக்க அந்தக் கட்சிக்கான வாதம்தான். நடுநடுவே பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதும் வரும். வாதம் பிடிக்காதவர்கள் அதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். :-)

ஏன் இவ்வளவு பயம்?

மலை, கடல், சூரியோதயம் எடுப்பவனுக்குக் கவலையில்லை. நாளைக்கும் சூரியன் வரும். கல்யாணத்திலேயே கூட சில விஷயங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாலை மாற்றும்போது "அப்படியே ஒரு நிமிஷம், இங்க பாருங்க" என்று நிறுத்தி எடுப்பது எல்லா மண்டபத்திலும் நடப்பதுதான். வரவேற்பில் வரிசையாக வந்து நிற்கும் கும்பலில் ஒரு படம் போனால் அவர்களையே திரும்பக் கூப்பிட்டு நிற்க வைக்கலாம்.

தாலி கட்டுவதை அப்படிச் செய்ய முடியாது. பத்திரிகையில் 6 மணி முதல் 7.30 மணிக்குள் என்று போட்டிருக்கும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தாலி ஏறுவது சில நொடிகள்தான். ஐயர் விரலை உயர்த்தி கெட்டிமேளம் என்பார், தவில் எகிறும், அட்சதை நாலா பக்கமிருந்தும் பறக்கும், முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள், கூடவே ஐம்பது செல்போன் உயரும். மாப்பிள்ளை முதல் முடிச்சு போடுவார், பல வீடுகளில் மீதியை நாத்தனார் போட்டு முடிப்பார். அவ்வளவுதான். "சார், கார்டு எரர் வந்துடுச்சு, இன்னொரு தடவை கட்டுங்க" என்று எந்த போட்டோகிராபரும் சொல்லிப் பிழைத்துவிட முடியாது.

தாலியை விடவும் நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. ஊரிலிருந்து காரில் படுக்க வைத்துக் கூட்டி வந்த பாட்டி ஒருத்தர் இருப்பார். இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையில் ஏற்றுவார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பேத்தி தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு இறங்கிவிடுவார். சில மாதம் கழித்து அந்த வீட்டில் "பாட்டி நல்லா இருக்கற படம் ஒண்ணு வேணுமே" என்று தேடும்போது எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது கல்யாண ஆல்பம்தான். கூடத்தில் மாலை போட்டு மாட்டப்போகும் படத்தை நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நிமிடத்தில் நமக்கே தெரியாது. அதனால்தான் எதுவும் தொலையக் கூடாது என்கிறேன்.

கூடுதல் வேறு, மாற்று வேறு

பெரிய பை வைத்திருக்கும் பலரிடம் மாற்று என்று எதுவுமே இருக்காது. ஒரே ஒரு கேமரா, அதற்கு நான்கு லென்ஸ், ஒரு ட்ரோன், ஒரு கிம்பல், கலர் கலராக எல்ஈடி. பார்ப்பவர்களுக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கேமராவின் ஷட்டர் போய்விட்டால் நான்கு லென்ஸும் பேப்பர் வெயிட்தான். ஷட்டர் எல்லாம் போகுமா என்று கேட்காதீர்கள். கேனான் 5டி மார்க் 2, நிக்கான் டி750 போன்ற கேமராக்களின் ஷட்டருக்கு அந்த நிறுவனங்களே சொன்ன கணக்கு 1,50,000 படம். வாரம் ஒரு கல்யாணத்தில் 3000 படம் என்றால் 50 கல்யாணம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமராவில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இன்னொருவனிடம் சின்னப் பைதான் இருக்கும். பழைய கேமரா இரண்டு, இரண்டிலும் பொருந்தும் இரண்டு லென்ஸ், மூன்று பேட்டரி. முதல் ஆள் எடுக்கும் படம் இன்னும் அழகாக இருக்கலாம். ஆனால் என் அக்கா கல்யாணத்துக்கு நான் இரண்டாவது ஆளைத்தான் கூப்பிடுவேன்.

நம் வகுப்பு மக்களுக்கு இதைப் பாடக் கணக்காகவே சொல்லலாம். ஒரு கேமரா ஒரு நாளில் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று சும்மா வைத்துக்கொள்வோம். இரண்டு கேமராவும் ஒரே நாளில் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆஹா என்று துள்ள வேண்டாம். அந்தப் பெருக்கல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று பழுதாவதற்கும் இன்னொன்று பழுதாவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. இரண்டு கேமராவும் ஒரே பையில் இருந்து அந்தப் பை திருடு போனால்? இரண்டுக்கும் ஒரே சார்ஜர், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால்? இரண்டின் கார்டும் ஒரே டப்பாவில் இருந்து அந்த டப்பா வாஷ்பேசினில் விழுந்தால்? அப்போது பத்தாயிரம் மறுபடி நூறாகிவிடும். எண்ணிக்கை இரண்டாக இருந்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே காரணத்தால் சாகக் கூடாது. பை கட்டும்போது ஒவ்வொரு சாமானையும் பார்த்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

சரி, பையைத் திறப்போம்.

1. கேமரா

இரண்டு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மவுண்ட், முடிந்தால் ஒரே பேட்டரி. இரண்டாவது கேமரா விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அதைப் பையிலேயே தூங்க வைக்கக் கூடாது என்பது முக்கியம். ஒன்றில் வைடு, இன்னொன்றில் ஜூம் மாட்டி இரண்டையும் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று படுத்தால் மற்றது ஏற்கெனவே ஆன் ஆகி, செட்டிங்ஸ் போட்டுத் தயாராக இருக்கும். ஹோமப் புகைக்கு நடுவில் லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலையும் மிச்சம்.

இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் முந்தின நாளே ஒன்றாக வையுங்கள். இது பலருக்குத் தோன்றாத விஷயம். ஒன்று ஏழு நிமிடம் பின்னால் ஓடினால், பிறகு கணினியில் போட்டு வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை காசி யாத்திரை போவார்.

2. கார்டு

2018இல் நிக்கான் இசட்6, இசட்7 கேமராக்களும் கேனான் ஈஓஎஸ் ஆர் கேமராவும் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே ஒரு கார்டு ஸ்லாட். கல்யாணம் எடுப்பவர்கள் இணையத்தில் பொங்கி எழுந்தார்கள். அதே வருடம் வந்த சோனி ஏ7 3இல் இரண்டு ஸ்லாட் இருந்தது வேறு வெறுப்பேற்றியது. 2020இல் வந்த நிக்கான் இசட்6 2, இசட்7 2, கேனான் ஆர்6 எல்லாவற்றிலும் இரண்டு ஸ்லாட். ஒரு சின்ன ஓட்டைக்கு ஏன் இவ்வளவு சண்டை என்றால், படம் எடுத்த நொடியிலேயே அது இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. அதை விட வேகமான பேக்கப் கிடையாது.

ஆனால் இரண்டு ஸ்லாட் இருப்பதும் இரண்டிலும் எழுதுவதும் ஒன்றல்ல. பல கேமராக்களில், முதல் கார்டு நிறைந்த பிறகு இரண்டாவதுக்குப் போகும் வகையிலும் அமைக்க முடியும். அப்படி விட்டுவைத்தால் இரண்டு கார்டு போட்டும் ஒரு பிரதிதான். மெனுவுக்குள் போய் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோமா என்று பார்த்துவிடுங்கள். கார்டு இடம் சீக்கிரம் தீர்கிறதே என்று புலம்புபவர்களுக்கு: 24 மெகாபிக்சல் ரா ஃபைல் சுமார் 25 முதல் 30 எம்பி. 3000 படம் என்றால் 75 முதல் 90 ஜிபி. 64 ஜிபி கார்டு நாலு இருந்தால் ஒரு கேமராவுக்கு இரட்டைப் பிரதியோடு ஒரு கல்யாணம் முடிந்துவிடும்.

ஒரே ஸ்லாட் கேமராதான் இருக்கிறதா? அப்படியானால் முகூர்த்தத்துக்கு முன்பு கார்டை மாற்றிவிடுங்கள். முந்தின நாள் வரவேற்பு ஒரு கார்டில், காலைச் சடங்கு ஒரு கார்டில், தாலி ஒரு கார்டில். எது போனாலும் எல்லாம் போகாது. தாலி நேரத்தில் இரண்டாவது கேமராவிலும் பத்துப் படம் எடுத்துவிடுங்கள், அதுதான் உங்கள் இரண்டாவது ஸ்லாட்.

போலி கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. 128 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 16 ஜிபி மட்டும் இருக்கும் கார்டுகள் சந்தையில் உண்டு. கேமராவும் 128 என்றே காட்டும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எடுப்பதெல்லாம் காற்றில் எழுதியதுதான். புதுக் கார்டு வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மாதிரி ஒரு இலவச மென்பொருளை ஓட்டி, முழு இடமும் நிஜமாக இருக்கிறதா என்று சோதியுங்கள். கல்யாண நடுவில் கார்டு எரர் காட்டினால் ஃபார்மட் செய்யாதீர்கள், அதில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். கழற்றித் தனியே வையுங்கள். மேலே எதுவும் எழுதாத வரை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் கொண்டே மீட்க வாய்ப்பு இருக்கிறது.

3. பேட்டரி

நம்மூர்க் கல்யாணம் ஒரு நாள் இல்லை, ஒரு சாயங்காலமும் ஒரு பகலும். மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், வரவேற்பு என்று ராத்திரி பதினோரு மணி ஆகும். முகூர்த்தம் காலை நாலரைக்கு என்றால் மூன்றரைக்குப் பெண் அலங்காரம். நடுவில் சார்ஜ் ஏற்ற நான்கு மணி நேரம். ஒரு சார்ஜரில் ஒரு பேட்டரி வீதம் ஏற்றினால் இரண்டு கூட ஏறாது. ஆகவே சார்ஜரும் இரண்டு.

மிரர்லெஸ் வந்த பிறகு இந்தத் தலைவலி கூடியது. 2014இல் வந்த நிக்கான் டி750 ஒரு சார்ஜில் 1230 படம் என்றார்கள். அதே வருடம் வந்த சோனி ஏ7 2 சுமார் 350தான். 2018இல் வந்த ஏ7 3 பெரிய பேட்டரியோடு 710 வரை ஏறியது. கடகடவென்று எடுக்கும்போது இந்தக் கணக்கை விட அதிகம் வரும், ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. கேமராவுக்கு மூன்று பேட்டரியாவது வேண்டும்.

சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள். தீர்ந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொள்ளலாம். இடது பாக்கெட்டில் நிறைந்தது, வலது பாக்கெட்டில் தீர்ந்தது என்றும் சிலர் வைத்துக்கொள்வார்கள். நல்ல வழிதான், ஆனால் வேட்டி கட்டிப் போனால் பாக்கெட் இருக்காது என்பதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். :-)

ஃபிளாஷுக்கு நாலு ஏஏ செல் வேண்டும் என்றால் எட்டு எடுத்துப் போங்கள். எனலூப் மாதிரி ரீசார்ஜபிள் செல்கள், ஏற்றி வைத்த சார்ஜ் மாதக்கணக்கில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃபிளாஷ் செல் தீர்ந்து, மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்திலிருந்து செல்லைக் கழற்றிய ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடிகாரத்தில் இருந்தது ஒரு செல். பாவம், மீதி மூன்றுக்கு டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

4. மண்டபத்துக்கே உரியவை

ஆங்கிலத்தில் கிடைக்கும் பட்டியல்களில் இவை வராது. அங்கே சர்ச்சில் யாரும் நெய் ஊற்றி ஹோமம் வளர்ப்பதில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. மணமேடைப் பக்கம் இருக்கும் இரண்டு பிளக்கையும் மைக் செட்காரரும் வீடியோகாரரும் முதலிலேயே பிடித்துவிடுவார்கள். அறையில் இருக்கும் ஒரே பிளக்கில் யாருடைய ஹேர் டிரையரோ இருக்கும். மண்டபத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் மேடைக்கும் சமையலறைக்கும் உடனே வரும், உங்கள் அறைப் பிளக்குக்கு வருமா என்பது மேனேஜருக்கே தெரியாது. ராத்திரி ஏற்றிவிட்டுத் தூங்கினால் மூன்று மணிக்கு எழுந்ததும் முதலில் சார்ஜர் விளக்கைப் பாருங்கள்.

மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஊதும் பம்பு ஒன்று. ஹோமப் புகையில் நெய் இருக்கிறது. அரை மணி நேரத்தில் லென்ஸ் முகத்தில் மெல்லிய பிசுக்குப் படிந்து, எல்லாப் படமும் கனவுக் காட்சி மாதிரி மங்கும். வாசலில் பன்னீர் தெளிக்கும் பொடிசுகள் கேமராவையும் விருந்தாளியாகத்தான் நினைக்கும். அட்சதை லென்ஸ் ஹூடுக்குள் தங்கும், மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். இதற்காக நான் பரிந்துரைப்பது ஹோட்டலில் தரும் ஷவர் கேப். மடித்தால் தீப்பெட்டி அளவு, விரித்தால் கேமராவுக்கே குடை.

ஏசி அறையில் கேமராவைத் திறந்து வைத்துத் தூங்கினால், காலையில் வெளியே கொண்டு வந்ததும் லென்ஸில் பனி பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் நிச்சயம். துடைத்தாலும் திரும்ப வரும். பையை மூடி ஜிப் போட்டு, அரை மணி நேரம் முன்னதாகவே அறைக்கு வெளியே வைத்தால், உள்ளே இருப்பது மெதுவாகச் சூடாகிவிடும்.

5. பையின் பாதுகாப்பு

மண்டபத்தில் பைக்கு யாரும் காவல் இல்லை. "பொண்ணு ரூம்ல வெச்சுடுங்க தம்பி, பத்திரமா இருக்கும்" என்பார்கள். அந்த அறையின் சாவி சித்தப்பாவிடம் இருக்கும், சித்தப்பா கோயிலுக்குப் போயிருப்பார். ஆகவே பையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எடுத்து முடித்த கார்டுகள், ஒரு பேட்டரி, ஒரு புதுக் கார்டு, துணி இவ்வளவும் இடுப்பில் கட்டும் சின்னப் பையில். அது குளிக்கப் போகும்போது தவிர உடம்பை விட்டு இறங்கக் கூடாது. பெரிய பை காணாமல் போனாலும் எடுத்த படம் உங்களோடு இருக்கும். கேமராவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம், எடுத்த படத்துக்கு யாரும் தர மாட்டார்கள்.

விமானத்தில் போகும் கல்யாணம் என்றால் உதிரி லித்தியம் பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை. கேமரா பேட்டரிகள் பெரும்பாலும் 20ஐத் தாண்டுவதில்லை, பயம் வேண்டாம்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் ஆபத்து

பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் அந்த நிமிடத்தில் மொத்தக் கல்யாணமும் நகம் அளவு பிளாஸ்டிக்கில் இருக்கிறது.

3-2-1 என்று ஒரு விதி உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கணினித் துறையில் எல்லோரும் இதை மந்திரம் மாதிரி ஓதுகிறார்கள். ஆனால் இதைப் பரப்பியவர் கணினிக்காரர் இல்லை, பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர். படம் தொலைவதன் வலி தெரிந்தவரிடமிருந்து வந்த விதி. நம் கணக்கில்: கார்டு ஒன்று, லேப்டாப் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அந்த டிஸ்க் நண்பன் வீட்டில்.

வேறு இடம் எதற்கு என்பவர்கள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் கணினியையும் அதன் பேக்கப் டிஸ்க்கையும் ஒரே மேசையில் வைத்திருந்த ஒருவருக்கு இரண்டு பிரதி இருந்தும் ஒரு பலனும் இல்லை. தண்ணீருக்கு எது அசல், எது நகல் என்று தெரியாது. இணையத்தில் ஏற்றலாம்தான். 80 ஜிபியை 40 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் ஏற்ற நாலரை மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். விடுதி வைஃபையில் என்றால் பேரன் கல்யாணத்துக்குள் ஏறிவிடும்.

கார்டை எப்போது ஃபார்மட் செய்வது? இரண்டு பிரதி எடுத்து, அவற்றைத் திறந்து பார்த்த பிறகு. காப்பி முடிந்தது என்று கணினி சொல்வதும் படம் திறப்பதும் வேறு வேறு. மொத்த ஃபைல்களையும் ஆல்பம் கையில் கொடுக்கும் வரைக்கும், முடிந்தால் அதற்குப் பிறகு ஒரு வருடமும் வைத்திருங்கள்.

எதிர்க் கட்சியின் வாதங்கள்

"அந்தக் காலத்து ஸ்டுடியோ அண்ணன்கள் எல்லாம் ஒரே கேமராவில்தானே எடுத்தார்கள்?" எடுத்தார்கள். 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2 மாதிரி கேமராக்களில் பேட்டரி ஒளி அளக்க மட்டும்தான். பேட்டரி செத்தாலும் ஷட்டர் இயங்கும், அனுபவக் கண்ணால் அளந்து எடுத்துவிடலாம். ஒரு ரோலில் 36 படம். ரோல் கெட்டால் 36தான் போகும், மூவாயிரம் போகாது. அவர்களின் கருவியிலேயே மாற்று ஓரளவு ஒளிந்திருந்தது. நம் கருவியில் எல்லாம் ஒரே பேட்டரியில், ஒரே கார்டில் குவிந்திருக்கிறது. அவர்களை விட நாம்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

"ஸ்டூடன்ட் நான், இரண்டு கேமராவுக்கு எங்கே போவேன்?" இது நியாயமான கேள்வி. இதற்கு என் பதில் வாடகை கூட இல்லை, நண்பன். வகுப்பில் அதே கம்பெனி கேமரா வைத்திருக்கும் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். வரும் காசைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரே செலவில் இரண்டு கேமரா, இரண்டு சார்ஜர், இரண்டு பை, இரண்டு கோணம். முக்கியமாக இரண்டு ஆள். பட்டியல்களில் யாரும் எழுதாத விஷயம், ஆளுக்கும் மாற்று வேண்டும் என்பது. முகூர்த்தத்தன்று காலை உங்களுக்கு 102 டிகிரி காய்ச்சல் வந்தால் இரண்டு கேமராவும் பையில் சமர்த்தாகத் தூங்கும்.

வாடகைக்குத்தான் எடுப்பீர்கள் என்றால் கல்யாணத்தன்று காலை எடுக்காதீர்கள். முந்தின நாளே எடுத்து, நூறு படம் எடுத்துப் பார்த்து, சென்சாரில் தூசி இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, முன்னால் எடுத்தவர் போட்டு வைத்த விபரீத செட்டிங்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

"நான் காசே வாங்கலையே, ஃப்ரெண்டுக்காகச் செய்யறேன்." காசு வாங்காததால் பாட்டியின் படம் தொலைந்தால் பரவாயில்லை என்று ஆகிவிடுமா? ஒரு கேமராதான் இருக்கிறது என்றால் அதைக் கல்யாண வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நான் கூடுதலா எடுக்கறேன், மெயின் போட்டோகிராபர் ஒருத்தரை வெச்சுக்குங்க" என்று சொல்வதில் எந்த அவமானமும் இல்லை. காசு வாங்கிவிட்டால் நிலைமை வேறு. அது நட்பு என்ற கணக்கிலிருந்து சேவை என்ற கணக்குக்குப் போய்விடுகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்ற சொல் நமக்கும் பொருந்தும்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு

போட்டோகிராபரிடம் பேசும்போது நாம் கேட்பதெல்லாம் எத்தனை பக்க ஆல்பம், ட்ரோன் உண்டா, ரீல்ஸ் தருவீங்களா, கடைசியாக "ஒரு அஞ்சாயிரம் கொறைச்சுக்குங்க." அந்த ஐந்தாயிரத்தை அவர் எங்கே குறைப்பார்? ஆல்பத்தில் குறைத்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைப்பார். இரண்டாவது கேமரா, இரண்டாவது ஆள், இன்னொரு ஹார்ட் டிஸ்க். கடைசி வரை தேவைப்படாமலே போகலாம் என்பதால் இவற்றுக்குத்தான் முதல் வெட்டு.

அடுத்த தடவை பேரம் பேசும் முன் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை கேமரா கொண்டு வருவீங்க? ஒரே நேரத்துல ரெண்டு கார்டுல எழுதுமா? உங்களுக்கு உடம்பு சரியில்லேன்னா யாரு வருவாங்க? எடுத்த படத்தை எத்தனை இடத்துல வைப்பீங்க? நல்ல போட்டோகிராபர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். அவர் ஏன் அந்த விலை சொல்கிறார் என்று விளக்க இத்தனை நாளாக யாரும் வாய்ப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நம் வகுப்புப் போட்டோகிராபர்களுக்குச் சொல்ல இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இவ்வளவையும் சுமந்துகொண்டு போய், ஒரு பழுதும் வராமல், இரண்டாவது கேமராவும் மூன்றாவது பேட்டரியும் ஷவர் கேப்பும் சும்மாவே திரும்பி வந்தால் "தேவையில்லாமல் தூக்கினேனே" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பந்தியில் உட்காரும்போது உங்களைப் பார்த்து யாரும் பாராட்டப் போவதில்லை. தொலையாத படத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆல்பத்தைப் புரட்டி, தாலி கட்டும் பக்கத்தையும் பாட்டி ஆசீர்வாதம் செய்யும் பக்கத்தையும் அவர்கள் சாதாரணமாகக் கடந்து போனால் போதும். இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பக்கத்தில் நின்று தேடுவார்கள்.